ஐமிச்ச ரீச்சரின் அலுமாரி

ஒரு புத்தகம் கைக்கு வந்தால் அவர் முதலில் முன்னட்டைப் படத்தைப் பார்க்க மாட்டார். புத்தகத்தைக் கவிழ்த்து, யார் அச்சிட்டது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பின்னட்டையில் தேடுவார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறப்பார். பிறகு நடுவில் எங்காவது. முதல் பக்கத்துக்கு வருவதற்குள் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய் ஒரு தடவை மணந்தும் பார்த்திருப்பார். முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து நின்றால் நாங்கள் எப்படிப் பார்ப்போமோ, ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

“சும்மா தாறவை என்னத்துக்குத் தருகினம்?” என்பார். பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டுவந்து இறக்கி, பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடமும் முகத்துக்கு நேரே அதைக் கேட்டிருக்கிறார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஐமிச்ச ரீச்சர். ஐமிச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் சந்தேகம். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் எங்காவது இருந்து இதைப் படித்தால், இவள் என்ன நோக்கத்தில் எழுதியிருக்கிறாள் என்று கடைசிப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவார்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குப் போனவள்; முதல் நியமனத்தோடு ஆசிரியையாக முசலிப் பக்கம் திரும்பி வந்தேன். என் பிறந்த ஊர் என்று உம்மா காட்டிய இடத்தில் பற்றைக் காடுதான் நின்றது. கரையோரத்துக் கத்தோலிக்கச் சனமும் எங்களைப் போலவே பல இடங்களில் அலைந்துவிட்டு வந்திருந்தார்கள். முள்ளிக்குளத்து ஆட்கள் சிலர் தங்கள் ஊரில் கடற்படை முகாம் இருந்ததால் உள்ளே போக முடியாமல், அதற்குக் கிட்ட ஒரு காட்டுக்குள் கொட்டில் போட்டு இருந்தார்கள். வயல் பக்கத்துச் சைவக் குடும்பங்களும் கொஞ்சம் இருந்தன. எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டிய பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. மாதா கோயிலடிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கூரை இருந்தது. புதுக் கட்டிடம் வரும்வரைக்கும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று கல்விக் கந்தோர் சொல்லிவிட்டது.

ஒரே கூரை என்றாலும் பிள்ளைகள் தங்கள் தங்கள் ஆட்களோடுதான் இருந்தார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான். ஓய்வறை மேசையின் ஒரு தலைப்பில் நாங்கள், மறு தலைப்பில் ஜெசிந்தா ரீச்சரும் மற்றவர்களும். நடுவில் தண்ணீர்க் குடம். ஜெசிந்தா ரீச்சர் கரையோரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண், என் வயதுதான். ஒரு தவணை முழுக்க நாங்கள் இருவரும் காலை வணக்கத்துக்கு மேல் ஒன்றும் கதைத்ததில்லை.

நூலகம் என்று தனி அறை கிடையாது. ஓடைபோன்ற விறாந்தையின் கடைசியில் ஒரு இரும்பு அலுமாரி, ஒரு கதிரை, தரையில் இரண்டு பாய். அலுமாரியைத் தந்தவர் ஊரின் பெரிய சம்மாட்டியார். வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்தவர். அலுமாரிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐமிச்ச ரீச்சர்.

பிள்ளைகள் பலர், பாய் இரண்டே என்றபடியால் யார் எங்கே இருப்பது என்று பிள்ளைகளால் பிரித்துக்கொள்ள முடியவில்லை. இடம் கிடைத்த இடத்தில் இருந்துதான் ஆக வேண்டும்.

புத்தகம் எடுக்க வருகிற பிள்ளை முதலில் கையைக் காட்ட வேண்டும். அவர் மணந்து பார்ப்பார். மீன் மணமோ, பனங்காய் மணமோ இருந்தால் கழுவிவிட்டு வா என்பார். அதைவிடப் பெரிய சோதனை புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளில். பிள்ளை வாசித்திருக்கும் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

“அந்த நரி கடைசியிலே எந்த மரத்திலே ஏறினது?” என்று கேட்பார்.

புத்தகத்தில் நரியே இருக்காது. “மரத்திலே ஏறினது” என்று தலையாட்டுகிற பிள்ளை அதே புத்தகத்தோடு திரும்பிப் போக வேண்டியதுதான். “இதிலே நரி இல்லை ரீச்சர், நீங்கள்தான் வாசிக்கேல்லை” என்று சொல்லுகிற பிள்ளைக்கு அடுத்த புத்தகம். சிரிக்க மாட்டார். “பாப்பம், பாப்பம்” என்றபடி அலுமாரியைத் திறப்பார். கொஞ்சக் காலத்தில் அவரைப் பிழை பிடிப்பதற்காகவே பிள்ளைகள் எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். சந்தேகப்படுவதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கழுதையைப் பற்றி வெளியூரிலிருந்து ஒரு படக்கதை வந்தது. வண்ணம் நல்ல வண்ணம். கழுதை ஒரு மூடப் பிராணி என்பதுதான் கதை. மன்னாரில் கழுதை நிற்காத தெரு உண்டா? நான்காம் வகுப்பு அன்ரன் அதை வாசித்துவிட்டு இது பொய் என்றான். அவனுக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லாமல் வந்து இருந்த எங்கள் ஊர்ப் பொடியன் றிஸ்வானும் பொய் என்றான். தன் வாப்பாவின் கடைக்குப் பின்னால் நிற்கிற கழுதை குழாயடிக்குத் தண்ணீர் வருகிற நேரம் தெரிந்து வந்து நிற்கும் என்றான். தங்கள் வாடியடிக் கழுதை மீன் காயப்போட்ட பாயை மிதிக்காமல் சுற்றிப் போகும் என்றான் அன்ரன். யாருடைய கழுதை கெட்டிக்காரக் கழுதை என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். ரீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எழுதினவர் கழுதையைக் கண்டிருப்பாரோ?” என்று மட்டும் கேட்டார்.

மற்றப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிட்டார்கள். பாயில் இருந்த எல்லாரும் ஒரு பக்கத்திலும், அந்தப் புத்தகம் எழுதியவர் மறுபக்கத்திலும் நின்றதை அன்றுதான் முதலில் கண்டேன்.

பெரியவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. முதல் காரணம், அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆளை அறிவது என்றால் முதலில் அவர் சைவமா, வேதமா, முஸ்லிமா என்று அறிவதுதான். வேதம் என்றால் கிறிஸ்தவம். அதன் பிறகுதான் எந்தத் தேநீர்க் கோப்பையை நீட்டுவது என்றே தெரியும். அவருடைய பெயர் சைவப் பெயர். ஆனால் அப்படிப் பெயர் வைத்த வேதக்காரரும் இருக்கிறார்கள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் சிலுவையும் இல்லை. அவருக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த விதவைப் பெண், சுவரில் ஒரு படமும் இல்லை என்று குழாயடியில் சொன்னாள். பொங்கலுக்குப் பொங்கல் சாப்பிட்டார். நத்தாருக்குக் கேக் சாப்பிட்டார். நாங்கள் பெருநாளுக்குக் கொண்டுபோன வட்டிலப்பத்தையும் சாப்பிட்டார். எல்லாவற்றையும் முதலில் மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

நானும் அவரை நம்பவில்லை. நான் வந்த முதல் நாளே, “உம்மை ஆர் இஞ்சை அனுப்பினது?” என்று கேட்டார். கந்தோர் என்றேன். “கந்தோரிலே ஆர்?” என்றார். நான் வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பிறகு நான் விறாந்தையால் போகும்போதெல்லாம் அலுமாரிக் கதவைச் சாத்துவார்.

சோளகக் காற்று பலமாக வீசிய மாதத்தில் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு அவர் கழிவறைக்குப் பின்னால் குழி தோண்டிப் புத்தகங்களை எரித்தார். பனையடியில் நொங்குக் கோம்பை பொறுக்க வந்த பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். நானும் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தபோது கண்டேன். கட்டுக் கட்டாக மெல்லிய புத்தகங்கள். காற்றில் சாம்பல் பறந்தது. அவர் ஒரு தடியால் கிளறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் காலால் மண்ணைத் தள்ளினார். குழியோரத்தில் எரியாமல் கிடந்த ஒரு அட்டை மூலை என் கண்ணில் பட்டது. பச்சை நிறம், பலகாரத் தட்டைப் பிடித்த ஒரு சின்னக் கை.

“என்ன ரீச்சர் எரிக்கிறீங்க?” என்றேன்.

“குப்பை” என்றார்.

மறுநாள் விடியும்போது ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. கோயிலடியில், ஐமிச்ச ரீச்சர் வேதாகமக் கதைப் புத்தகங்களை எரித்துவிட்டார் என்றார்கள். எங்கள் பக்கத்தில், எரித்தது நபிமார் கதை என்றார்கள். தேநீர்க் கடையில் ஒரு வயதான மனிதர், புத்தகம் எரித்தவர்களை இந்த நாட்டில் ஏற்கனவே கண்டோம், பள்ளிக்கூடத்துக்குள்ளும் காண வேண்டுமா என்று கேட்டாராம். பிள்ளைகளை நூலகத்துக்குப் போக வேண்டாம் என்று பல வீடுகளில் மறித்துவிட்டார்கள். அன்ரனின் தாய் அவனுடைய புத்தகப் பையைத் தினமும் தடவிப் பார்த்து அனுப்பினாள். றிஸ்வானின் வாப்பாவும் அப்படித்தான். பொடியன்கள் இரண்டு பேரும் அவரவர் வகுப்பில் போய் இருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் பாப்பாமோட்டைக்காரர். வயலும் மாடும் உள்ள சைவக் குடும்பம். பிரச்சினை இல்லாமல் ஓய்வு பெற்றுப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாத நல்ல மனிதர். ரீச்சரைக் கூப்பிட்டு, கறையான் அரித்த புத்தகம் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினார். கறையான் அரிக்கவில்லையே என்றாராம் ரீச்சர். வேறு வழியில்லாமல் பெற்றோர் கூட்டம் வைத்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அதிலும் எங்கள் பக்கம் ஒன்று, அவர்கள் பக்கம் ஒன்று. முன்வரிசையில் சம்மாட்டியார் இருந்தார். அவருக்கு எதிர்ப்பக்கத்தில் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. முதலில் ஊர் திரும்பியவர்களில் ஒருவர். பள்ளிவாசல் பொறுப்பு, இரும்புக் கடை, எங்கள் வீட்டுக் கூரைக்குத் தகரம் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் எழுந்து கதைத்தால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

சம்மாட்டியார்தான் தொடங்கினார். தான் தந்த அலுமாரியிலிருந்து எடுத்துப் புத்தகத்தை எரிப்பது என்றால் அதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்றார். சாச்சா எழுந்து, இந்த விஷயத்தில் தானும் சம்மாட்டியாரோடு ஒன்றுதான் என்றார். அவர்கள் இருவரும் ஒன்று என்று சொல்லி ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை. மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கைப்பை மடியில் இருந்தது.

“பிள்ளையளுக்கு ஆகாத புத்தகம். எரிச்சனான்” என்றார்.

ஆகாது என்று தீர்மானிக்க இவர் யார் என்று பலர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அது சரியான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. இன்றைக்கும் அது சரியான கேள்விதான். அதிபர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

சாச்சா இன்னும் நின்றுகொண்டிருந்தார். “ஆகும், ஆகாது எண்டது பிறகு. எந்தப் புத்தகம் எண்டு பேரைச் சொல்லுங்க. சனம் அறியட்டும்” என்றார்.

ரீச்சர் அவரைப் பார்த்தார். புதுப் புத்தகத்தைப் பார்க்கிற அதே பார்வை.

“சொல்லவோ?” என்றார்.

சாச்சா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

சம்மாட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. “சொல்லத்தான் வேணும். இவ்வளவு சனம் என்னத்துக்கு வந்து இருக்குது?” என்றார்.

ரீச்சர் அவர் பக்கம் திரும்பினார். “தந்த ஆக்களின்ர பேரோடையோ, பேர் இல்லாமலோ?”

வெளியே காற்று மணலை வாரி ஓட்டில் அடிக்கிற சத்தம் கேட்டது. சம்மாட்டியார் இருமினார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்து குடித்து முடிக்கும் வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். குடித்த கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அன்ரனின் தாய் எழுந்தாள். மீன் உலர்த்தும் வாடியிலிருந்து நேரே வந்திருந்தாள். “நான் ஒண்டும் தரேல்லை ரீச்சர். எனக்குச் சொல்லுங்கோ” என்றாள்.

அவளைப் பார்த்தபோதுதான் ரீச்சரின் முகம் தடுமாறியதைக் கண்டேன். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கட மகன் அதை வாசிக்கேல்லை அம்மா. ஒரு பிள்ளையும் வாசிக்கேல்லை. என்னாலே அவ்வளவுதான் சொல்ல ஏலும்” என்றார்.

அதிபர் இதுதான் சமயம் என்று தேநீர் வந்துவிட்டதாக அறிவித்தார்.

சனம் திருப்திப்படவில்லை. வாயை மூடிக்கொண்டது திமிர் என்றார்கள். ஆனால் எனக்கு ரீச்சரைவிடச் சாச்சாவைப் பற்றித்தான் யோசனையாக இருந்தது. சாச்சா யாருக்கும் பயந்து இருந்துவிடுகிற ஆள் இல்லை. காணிப் பிரச்சினையில் பெரிய பெரிய அதிகாரிகளின் முன்னால் மேசையில் அடித்துக் கதைத்தவர். ஒரு சின்னக் கேள்விக்கு ஏன் கதிரையில் இருந்துவிட்டார்?

அடுத்த வெள்ளிக்கிழமை சாச்சி வீட்டைத் துப்புரவாக்க என்னைக் கூப்பிட்டார். அரிசி மூட்டைகளை நகர்த்தியபோது சுவரோரத்தில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு இருந்தது. பச்சை அட்டை. அதில் பலகாரத் தட்டைப் பிடித்த ஒரு பையன்.

நான் நிலத்தில் குந்தி ஒன்றை உருவி வாசித்தேன். வாசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த வீட்டில் வேறு மார்க்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். தன் பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கிறான். எங்கள் பையன் வாங்கித் தின்கிறான். அன்றிரவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். அவனுக்குச் சுகம் வந்தபோது உம்மாவிடம் ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறான். எழுத்துகள் பெரிதாக, சிறு பிள்ளைக்கு வாசிக்க வசதியாக இருந்தன. படங்கள் மிக அழகு.

சாச்சா தொழுதுவிட்டு வந்தார். என் கையில் இருந்ததைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இதையோ ரீச்சரிட்டக் குடுத்தீங்க?” என்று கேட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பிள்ளைகளுக்கென்று தந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நல்ல தாள், நல்ல படம், பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்று கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொன்னார். “நான் அதை வாசிக்கல்ல மகள். அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

சாச்சாவின் சொல்லை நான் அதற்கு முன் ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்று வாய்க்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது.

“வாசிக்காட்டி அண்டைக்குக் கூட்டத்திலே ஏன் கேட்டதை விட்டிட்டு இருந்தீங்க சாச்சா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பிறகு சாச்சியைக் கூப்பிட்டுச் சாப்பாட்டை எடுத்துவைக்கச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கட்டை அடுப்புக்கு எடுத்துக்கொள்ளும்படி சாச்சியிடம் சொன்னார். அதற்கு மேல் அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் உண்மை சொன்னாரா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் மேல் எனக்கிருந்த பாசம் குறையவில்லை. ஆனால் அவர் எது கொண்டுவந்து தந்தாலும் நான் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ரீச்சரிடம் போனேன். நூலகத்தில் யாரும் இல்லை. நான் வருவதைக் கண்டு வழக்கம்போல அலுமாரியைச் சாத்தினார்.

“நீங்க எரிச்சது எங்கட சாச்சா தந்த புத்தகம்தானே?”

“உமக்கு ஆர் சொன்னது?”

“நானே கண்டேன்.”

“எங்கை?”

சொன்னேன். எப்போது, யாரோடு, இன்னும் எத்தனை மீதம் இருந்தது, அவை இப்போது எங்கே என்று துருவித் துருவிக் கேட்டார். அடுப்பில் எரிந்துவிட்டன என்று நான் சொன்னதைக்கூட அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. “நீரே எரியிறதைக் கண்டனீரோ?” என்றார். கண்டேன் என்றேன். எரித்தது எது என்பதைப் பற்றிக் கடைசிவரைக்கும் அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“நீங்க சொல்லியிருந்தா சனம் உங்களை இப்பிடிக் கதைக்காதே” என்றேன்.

“என்னைக் கதைக்காயினம். உம்மட சாச்சாவின்ர கடைக்குக் கல் எறிவினம்” என்றார். பிறகு, தேவைக்கு அதிகமாகக் கதைத்துவிட்டவரைப் போல என்னைப் பார்த்து, மணி அடித்துவிட்டதே, உமக்கு வகுப்பு இல்லையா என்று கேட்டார்.

அந்தத் தவணை முடிவில் அவருக்கு இடமாற்றம் வந்தது. யார் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள் என்று தெரியாது. எழுதக்கூடியவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். அவர் மேன்முறையீடு செய்யவில்லை. பிரியாவிடைக்கு நாங்கள் சேர்ந்து ஒரு சேலை வாங்கினோம். அந்த இடத்திலேயே தாளைப் பிரித்து, விரித்து, கரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னார்.

போவதற்கு முன் என்னையும் ஜெசிந்தா ரீச்சரையும் அலுமாரியடிக்குக் கூப்பிட்டார். அலுமாரிக் கதவில் புதிதாக ஒரு கொண்டி பொருத்தப்பட்டிருந்தது. இப்போது இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒரு திறப்பை என்னிடம் தந்தார், மற்றதை ஜெசிந்தா ரீச்சரிடம் தந்தார்.

“ஒராளை நம்பேலாது. உங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தும் நான் நம்பேல்லை. ஆனா ஒராளை ஒராள் பாத்துக்கொள்ளுவீங்கள்” என்றார்.

எங்கள் இருவருக்கும் முகம் கறுத்துவிட்டது. போகிற நேரத்தில்கூட இந்த மனுசிக்கு வாயில் நல்ல சொல் வரவில்லையே என்று நினைத்தேன். ஜெசிந்தா ரீச்சரும் அதைத்தான் நினைத்திருப்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் திறப்புகளை வாங்கிக்கொண்டோம். மன்னார் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் இருந்தவர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் புறப்பட்டபோது பிள்ளைகள் கை காட்டினார்கள். அவர் கை காட்டினாரா என்று புழுதியில் தெரியவில்லை. அவர் சைவமா, வேதமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தினமும் இடைவேளைக்கு நானும் ஜெசிந்தா ரீச்சரும் அலுமாரியடியில் சந்திக்க வேண்டியதாயிற்று. ஒருவர் பிந்தினால் மற்றவர் காத்து நிற்க வேண்டும். புதுப் புத்தகம் ஏதாவது வந்தால் நான் வாசித்துவிட்டு அவரிடம் கொடுப்பேன். எனக்குப் பிழையாகத் தெரியாதது அவருக்குத் தெரியும். அவர் வாசித்துச் சரி என்றதில் எனக்குக் குத்துகிற இடம் இருக்கும். சில புத்தகங்களைப் பற்றி நாட்கணக்கில் வாதாடினோம். எரிக்க ஒன்றும் வரவில்லை. ஒன்றிரண்டைத் தந்தவர்களிடமே காரணம் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். பிள்ளைகள் மெல்ல மெல்லப் பாய்க்குத் திரும்பி வந்தார்கள்.

மாரி தொடங்கிய நாட்களில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஜெசிந்தா ரீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. உம்மா பதறிப் போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டு இஞ்சித் தேநீர் கொடுத்தார். அவர் குடித்தார். பிள்ளைகள் இரண்டு நாளாகப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றார். தலையணைக்குக் கீழே கிடந்த திறப்பை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “தனியத் திறந்தா நாளைக்குக் கதை வரும். ஏலுமெண்டா வாங்கோ. திறந்துபோட்டு வந்து படுங்கோ” என்றார்.

முக்காட்டுக்கு மேல் ஒரு துவாயையும் சுற்றிக்கொண்டு அவரோடு நடந்தேன். ஈர மணலில் கால் புதைந்தது. உப்புவெளிப் பக்கத்தால் திரும்பும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அண்டைக்கு ரீச்சர் எரிச்சதிலே ஒரு கட்டு நான் குடுத்தது.”

நான் நின்றுவிட்டேன்.

சம்மாட்டியார் அதைத் தன்னிடம் தந்து நூலகத்தில் வைக்கச் சொன்னதாக ஜெசிந்தா ரீச்சர் சொன்னார். அவருடைய வள்ளத்தில்தான் ஜெசிந்தா ரீச்சரின் அப்பா தொழிலுக்குப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துப் பார்த்திருக்கிறார். பிள்ளை பிடிக்கிறவன் ஒருவனைப் பற்றிய கதை. பக்கத்துக்குப் பக்கம் அவனுக்குத் தாடியும் தொப்பியும் வரைந்திருந்தது.

“வாசிச்சுப் போட்டும் குடுத்தனீங்களோ?” என்றேன்.

“அவவிட்டைக் குடுத்தா அது பிள்ளையளிட்டைப் போகாது எண்டு எனக்குத் தெரியும்” என்றார். “ஊர் முழுக்க அந்த மனுசியைத் திட்டேக்கை நான் வாய் திறக்கேல்லை. அவவும் என்ர பேரைச் சொல்லேல்லை.”

காற்று குளிராக இருந்தது. நான் பச்சை அட்டைப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அரிசி மூட்டையை, சாச்சாவின் முகத்தை, நான் கேட்ட கேள்வியை எல்லாம் சொன்னேன். வீட்டில் உம்மாவிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டு வந்தார். பலகாரத்தைத் தின்று வயிற்று வலி வந்த இடத்தில் மட்டும், “எங்கட வீட்டுப் பலகாரமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் வந்தது. சிரித்ததில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தெருவோரத்தில் நின்று அவர் என் முதுகைத் தடவிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அலுமாரியைச் சுற்றி நின்றார்கள். அவர் தன் பூட்டைத் திறந்தார். நான் என் திறப்பைப் போட்டேன். மழை ஈரத்தில் பூட்டு இறுகியிருந்தது. என்னால் திருப்ப முடியவில்லை. ஜெசிந்தா ரீச்சர் திறப்பை என்னிடமிருந்து வாங்கவில்லை. என் கையின் மேல் தன் கையை வைத்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பினார்.